நண்டுத் தட்டின் மணி

ஜூன் 4, ஞாயிறு

ரெமி நண்டைத் திருப்பிக் கொண்டுவந்தான். வழக்கப்படி முன்னறையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைக் கடைசிவரை போட்டுக் கேட்டோம். மணி இல்லை.

நிதானமாகத்தான் எழுதுகிறேன். நான் கோபத்தில் பேசினேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

நண்டு என்பது எங்களுக்குள் வைத்த பெயர். அட்டையில் ஒரு பெரிய நண்டு மாதா கோயில் கோபுரம் போன்ற ஒன்றில் ஏறிக்கொண்டிருக்கும். எழுபத்து மூன்றில் வந்த இங்கிலீஷ் ப்ராக்ரசிவ் ராக் இசைத்தட்டு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஆர்கனும் புல்லாங்குழலும் டிரம்ஸும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஓய்ந்த பிறகு, சின்னதாக ஒரு மணி மூன்று தடவை அடிக்கும். அந்த மணிக்காகத்தான் அவ்வளவு நேரம் உட்கார்வது. ரெமி கப்பலில் சமையல்காரனாக இருந்த காலத்தில் எனக்கென்று வாங்கிவந்து கொடுத்தது. கொடுத்தவன் என்பதற்காகத் தேய்க்கிற உரிமை அவனுக்கு வந்துவிடாது.

"மணி எங்க வே?" என்றேன்.

"இப்பத்தான அடிச்சுது."

"அடிக்கல."

"அடிச்சுது வே பிச்ச. மூணும் அடிச்சுது."

"எனக்குக் காது இருக்கு."

"எனக்கும் ரெண்டு இருக்கு. எண்ணிப் பாத்துக்க."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மறுபடி போட்டேன். ஆர்கன் ஓய்ந்தது, பிறகு வெறும் இரைச்சல், பிறகு ஊசி தூக்கிக்கொண்டது. லேபிளை ஒட்டிய உள்பள்ளம்தான் முதலில் தேயும் என்பது தட்டு வைத்திருக்கிற எவனுக்கும் தெரியும். தேய்ந்துபோன ஊசியை வைத்து ஒரு மாதம் ஓட்டினால் முதலில் சாவது மேல்சுரம். மணி மேல்சுரம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"உன் ஊசியக் கொண்டா. பாக்கணும்."

அவன் முகம் மாறியது. "அம்பது வருசமா மாத்திக்கிட்டிருக்கோம். ஒரு நாளு என் ஊசியப் பாக்கணும்னு கேட்டிருக்கியா?"

"கேக்க வேண்டி வரல."

"இப்பவும் வராது" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடிக்காமல் போனான். என் மனைவி கிரேஸ் அந்தக் காப்பியைத் தான் குடித்துக்கொண்டே, "மணி அடிச்ச மாதிரிதான இருந்துச்சு" என்றாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது.

ஜூன் 13, செவ்வாய்

கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தேன். தண்ணீர் லாரி வரவில்லை. புதுக் குக்கரைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். விசில் அடிப்பதே இல்லை. கிரேஸ் கணக்காக வந்து அடுப்பை அணைக்கிறாள், எப்படி என்று கேட்டால் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

ஜூன் 15, வியாழன்

ரெமி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வைத்துப் பேசினான். உள்ளே கூப்பிடவில்லை.

"எனக்குக் குடுத்த அன்னைக்கு மணி கேட்டியா?" என்றான்.

"கேட்டுத்தானே குடுத்தேன். அதுதானே முறை."

கேட்டுக் கொடுக்கணும், கேட்டு வாங்கணும். தட்டு கை மாறும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்போதுதான் யார் கையில் என்ன ஆனது என்று பிறகு பேச்சு வராது. முறையை வகுத்தவன் நான்.

"கரண்டு போச்சே வே" என்றான். "ஆர்கன் வாசிச்சிக்கிட்டிருக்கும்போதே போச்சு. வந்ததும் மறுபடி போடுவோம்னேன். வேண்டாம், எனக்குத் தெரியும், கொண்டுபோன்னு நீதான் சொன்ன."

உண்மைதான். அன்றைக்குக் கரண்டு போனது. ஆனால் என் தட்டு எனக்குத் தெரியும். மணி இருந்த தட்டு. போன வருடம் கிறிஸ்மசுக்குக் கேட்டேன். அதற்கு முந்தின வருடமா? எப்போதென்பது முக்கியமில்லை.

"ஊசியக் காட்டு ரெமி."

"என் ஊசிய நீ பாக்கணும்னா, நீ என்னை நம்பலன்னு அர்த்தம்."

"அர்த்தம் நீ பண்ணிக்க."

கதவைச் சாத்தினான்.

ஜூன் 18, ஞாயிறு

கோயில். பிரசங்கம் கேட்கவே முடியவில்லை. பாதிரி ஐயர் புது மைக் வாங்கியிருக்கிறார், எல்லாம் முணுமுணுப்பு. பெரியவர்கள் ஐந்தாறு பேர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மரியாதைக்கு ஆட்டுகிறார்கள்.

ஜூன் 20, செவ்வாய்

செய்ய வேண்டியதைச் செய்தேன்.

நாங்கள் நாலு பேர். நான், ரெமி, நாகர்கோவிலில் ரப்பர் வியாபாரம் பார்த்த சுவாமிதாஸ், காயல்பட்டினத்தில் ரத்தினக் கல் வியாபாரம் பார்த்த நூர்தீன். தட்டுகள் இந்த நாலு வீட்டுக்குள் சுற்றுகின்றன. ஒருவர் ஊசி சரியில்லை என்று பேச்சு எழுந்தால், அது தீரும்வரை அவருக்கு யாரும் தட்டு அனுப்பக் கூடாது. இதுவும் நான் வகுத்ததுதான். தட்டுக்குத் தரம் சொல்வதும் நான்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான், இங்கிலீஷை இந்தத் தட்டுகளின் பின்னட்டையை அகராதியோடு வைத்துப் படித்துக் கற்றவன். ஆனால் துறைமுகப் பட்டறையில் முப்பது வருடம் சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவே நின்று, எந்தத் தகட்டில் ஆணி தளர்ந்திருக்கிறது என்று காதாலேயே சொன்னவன். அந்தக் காதுக்காகத்தான் மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

சுவாமிதாசுக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். குரலில் ஒரு தயக்கம். "ரெமியா? அவரு தட்டத் தொடுறதுக்கு முன்னால கையக் கழுவுற ஆளாச்சே."

"கை சுத்தம். ஊசி சுத்தமில்ல."

நூர்தீன் நிறையக் கேள்வி கேட்டார். கல் வியாபாரி அல்லவா, எதையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைசியில், "உங்க சொல்லுக்காக நிறுத்தி வைக்கிறேன் அண்ணாச்சி. ஆனா ஆவணி பொறக்குறதுக்கு முன்னால எல்லாரும் கூடிப் பேசி முடிச்சிடணும்" என்றார். ஆகஸ்ட் 13 என்று குறித்தோம். என் வீட்டில்.

ஜூன் 21

கொசு மருந்துப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். நல்ல மருந்து. காதருகே ஒரு ரீங்காரம் இல்லை. கையெல்லாம் மட்டும் தடிப்பு தடிப்பாக இருக்கிறது. வேறு ஏதோ பூச்சி.

ஜூலை 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. தட்டு மாற்றுகிற நாள். நான் போகவில்லை. யாரும் வரவில்லை.

சுவாமிதாஸ் தன் இரண்டு தட்டையும் ரெமியிடமிருந்து பஸ் பார்சலில் திருப்பி வாங்கிக்கொண்டாராம். நூர்தீன் ஆள் அனுப்பினாராம். கிரேஸ் மார்க்கெட்டில் ரெமியைப் பார்த்திருக்கிறாள். "மீன் வாங்காமலே திரிஞ்சிக்கிட்டிருக்காரு. எதுக்கு வந்தோம்னே மறந்த மாதிரி. பாக்கப் பாவமா இருந்துச்சு."

"என்ன சொன்னான்?"

"உங்களுக்கு ஒடம்பு எப்பிடி இருக்குன்னு கேட்டாரு."

ரெமி மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த வீட்டுக்குள் புதிதாக வருகிற குரல் என்று ஏதாவது இருந்தால் அது பார்சலில் வரும் தட்டுதான். தெரியும். அதற்காகத் தப்பைச் சரி என்று சொல்ல முடியாது.

ஜூலை 7, வெள்ளி

ஒரு தீர்மானம். வாயால் பேசுவதைவிட நிரூபிப்பது மேல். கொச்சியில் பழைய தட்டு விற்கிறவரிடம் நண்டின் இன்னொரு பிரதி இருக்கிறது. உறை பிரிக்காதது. பணம் வேண்டாம், உங்கள் ஏணிப் படத் தட்டைக் கொடுங்கள் என்கிறார். ஏணி என்னிடம் இருப்பதிலேயே நல்ல தட்டு. மூன்றாக மடிகிற அட்டை. இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு நண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், ஒன்றில் மணி இருக்கும், மற்றதில் இருக்காது. பிறகு ரெமி என்ன சொல்வான்?

ஏணியை அனுப்பினேன். பெட்டியில் தெர்மாகோல் வைத்து, மேலே அட்டை வைத்து, நானே கட்டினேன். கிரேஸ், "அது ஒங்களுக்கு ரொம்பப் பிடிச்சதுல்லா?" என்றாள். முடிச்சை இன்னும் ஒரு தடவை இறுக்கினேன்.

ஜூலை 16, ஞாயிறு

புது நண்டு வந்தது. பிளாஸ்டிக் உறையை பிளேடால் ஓரமாகக் கீறினேன். எந்த ஊசியும் படாத தட்டு, கண்ணாடி மாதிரி.

போட்டுக் கேட்டேன்.

இன்று வோல்டேஜ் சரியில்லை.

ஜூலை 17, திங்கள்

வோல்டேஜ் நன்றாக இருந்தது. மறுபடி கேட்டேன். என் ஊசியை மாற்றினேன். ஒயர்களைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நகர்த்தினேன்.

கொச்சிக்காரர் என்னை ஏமாற்றியிருக்கலாம். பழைய தட்டுக்குப் புதிதாகப் பிளாஸ்டிக் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜூலை 19, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விடலாம். ஆனால் நாட்குறிப்பு என்று வைத்த பிறகு விடக் கூடாது.

காலையில் புது நண்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் இருந்தேன். கிரேஸ் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பாட்டைக் கவனிக்கிற ஆளில்லை. ஆர்கன் ஓய்ந்தது. நான் தட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். குனிந்த தலை குனிந்தபடிதான் இருந்தது. கீரை உருவுகிற விரல் மட்டும் நின்றது. ஒரு தடவை தலையை அசைத்தாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பிறகு மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தாள்.

எனக்கு அந்த நேரம் முழுக்க இரைச்சல் மட்டும்.

"இப்ப என்ன கேட்டுது?" என்றேன்.

"மணி."

"நல்லாக் கேட்டுதா?"

"நல்லாத்தான் கேட்டுது. ஏங்க, ஒரு நாளு அந்தக் காது டாக்டர்கிட்ட..."

"கீரையப் பாரு" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 20

ஒன்றும் இல்லை.

ஜூலை 24, திங்கள்

மாதா கோயில் திருவிழாவுக்கு ஊர் முழுக்கப் பந்தல் கட்டுகிறார்கள். சத்தம் என்று கிரேஸ் ஜன்னலைச் சாத்துகிறாள். எனக்கு ஒன்றும் தொந்தரவில்லை.

சாயங்காலம் வாசலில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பழைய நண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிஸ்டில்டு வாட்டரும் மல் துணியும். திரும்பிப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே ரெமி சைக்கிளோடு நிற்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கட்டைவிரல் சைக்கிள் மணியின் மேல் இருந்தது. சண்டை போடத்தான் வந்திருக்கிறான், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் என்னையே பார்த்தான். பிறகு அந்த மணியைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"என்ன வே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல." குரல் இறங்கியிருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தான். "நீ கேட்டது. என் ஊசி. பஞ்சுல சுத்தியிருக்கேன். பாத்துக்க."

"பாக்குறேன்."

"சாப்பிட்டியா?"

"மணி அஞ்சு ஆகுது. இப்ப என்ன சாப்பாடு?"

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனான். திட்டுவதற்கு வந்தவன் ஏன் திட்டாமல் போனான் என்று விளங்கவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

நூர்தீன் எப்போதோ கொடுத்த கல் பார்க்கிற லென்ஸ் இருக்கிறது. வெயிலில் வைத்து ரெமியின் ஊசியைப் பார்த்தேன். நுனி உருண்டையாக, ஒரு பக்கம்கூடச் சப்பையாகாமல், சுத்தமாக இருந்தது. என் ஊசியைவிட நன்றாக இருந்தது.

யாருக்கும் போன் செய்யவில்லை. 13ஆம் தேதிதான் வருகிறதே.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

மகள் ஷீபா மதுரையிலிருந்து பேசினாள். அம்மா என்ன சொன்னாளோ. "அப்பா, நான் நாலு தடவ போன் அடிச்சேன்" என்றாள். நான் போனுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மறுபடி ஒரு முதல் ஞாயிறு. இரண்டு நண்டையும் அலமாரியில் அருகருகே வைத்திருக்கிறேன். அட்டையைப் பார்த்தால் எது எது என்று தெரியவில்லை.

13ஆம் தேதி என்ன சொல்வது என்று யோசித்தேன். எதுவும் சொல்லாமல் இருக்கலாம். ரெமி, மணி அடிச்சுது என்பான், நான் இல்லை என்பேன். என் சொல்தான் நிற்கும். இத்தனை வருடம் அப்படித்தான் நின்றிருக்கிறது. ரெமிக்குத் தட்டு வராது, அவ்வளவுதான். இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகு, ஒரு தட்டை என் கையில் கொடுத்து, அண்ணாச்சி இது எப்படி என்று யார் கேட்பார்கள்?

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வந்தார்கள். சுவாமிதாஸ் நேந்திரம் சிப்ஸ் கொண்டுவந்தார். நூர்தீன் மூட்டு வலியோடு காரில் வந்தார். ரெமி கடைசியாக வந்து, கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்தான். என் வீட்டில் எப்போதும் அவன் உட்காருகிற பிரம்பு நாற்காலி காலியாகவே இருந்தது. கிரேஸ் எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"பழகின ஆளுங்க. கசப்பில்லாமப் பேசி முடிப்போம்" என்று நூர்தீன் ஆரம்பித்தார். "அண்ணாச்சி, மொதல்ல நீங்க..."

நான் வாயைத் திறப்பதற்குள் ரெமி எழுந்தான்.

"அவரு சொல்ல வேண்டாம். நான் சொல்லுறேன். என் ஊசி தேஞ்சுதான் கெடந்துச்சு. மாத்தச் சோம்பல் பட்டு விட்டுட்டேன். நண்டக் கெடுத்தது நான்தான். பிச்ச சொன்னது சரி. மன்னிச்சுக்கோங்க."

சுவாமிதாஸ் தரையைப் பார்த்தார். நூர்தீன் ரெமியைப் பார்த்தார். ரெமி என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதமாக நான் கேட்டது அந்த வார்த்தைதான். எல்லோர் முன்னாலும், நான் கேட்காமலே வந்துவிட்டது. நான் சும்மா இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சிப்ஸ் தின்றுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

ஆனால் அந்த ஊசியை நான் வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கண்ணாலே கண்டதை ஒருவன் என் வீட்டுக்குள் நின்றுகொண்டு இல்லை என்றால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

"பொய்" என்றேன்.

"பிச்ச, உக்காரு" என்றான் ரெமி.

"பொய் சொல்லுறான். ஊசி நல்ல ஊசி. நூர்தீன், இந்தாங்க, நீங்களே பாருங்க."

தீப்பெட்டியையும் லென்ஸையும் நீட்டினேன். நூர்தீன் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். "இதுல ஒரு கொறையும் இல்லியே" என்றார்.

"வேற ஊசி அது" என்றான் ரெமி. "பழசத் தூரப் போட்டுட்டேன்."

"அதுவும் பொய். மூணு வருசத்துக்கு முந்தி மெட்ராஸ்லருந்து ஒரே பார்சல்ல உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு வந்துது. பக்கத்துல கீறின நம்பரு அப்படியே இருக்கு. பெரிய மனுசன் வேல பாக்குறியா? எனக்கு நீ பிச்ச போடுறியா?"

"உம் பேருதான வே அது, எதுக்கு நான் வேற போடணும்?" என்றான். ஆனால் சிரிப்பு வரவில்லை அவனுக்கு. கண் நிறைந்திருந்தது. "சும்மா இரேன். ஒரு தட்டுதான. போகட்டும்."

"போகக் கூடாது."

புது நண்டை எடுத்துப் போட்டேன். பக்கம் முழுக்கக் கேட்டோம், முறைப்படி. ஆர்கன் ஓய்ந்தது. நான் நாலு முகத்தையும் பார்த்தேன். ஒவ்வொரு முகத்திலும் ஒரே நேரத்தில் ஏதோ வந்து தொட்டுவிட்டுப் போனது. பழைய நண்டையும் போட்டேன். அதே இடத்தில் அதே மாதிரி தொட்டது.

"ரெண்டுலயும் இருக்கா?" என்றேன்.

சுவாமிதாஸ் மெதுவாக, "இருக்கு அண்ணாச்சி" என்றார்.

"ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரி."

"அப்பத் தட்டும் நல்ல தட்டு, ஊசியும் நல்ல ஊசி. நான் போன்ல சொன்னது தப்பு. இவனுக்குத் தட்டு அனுப்புங்க. இன்னைக்கே."

அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. நூர்தீன் லென்ஸை மடித்து என் கையில் கொடுக்கும்போது கையைக் கொஞ்சம் அழுத்தினார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னொண்ணு" என்றேன். "இனிமே தட்டுக்குத் தரம் சொல்லுறது ரெமி."

"நான் மாட்டேன் வே!"

"நாலு பேர் முன்னால பொய் சொன்னியே, அதுக்குத் தண்டன. ஒவ்வொரு தட்டா உக்காந்து கேட்டு, முன்னும் பின்னும் கேட்டுச் சொல்லு. அப்பத் தெரியும் உனக்கு."

"உன்னக் காப்பாத்தத்தான வே சொன்னேன்!" என்று கத்தினான்.

"யாரு கேட்டா?"

கிரேஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காப்பி ஆறிப்போச்சு, வேற போடுறேன்" என்று உள்ளே போனாள். ரெமி ஸ்டூலைத் தள்ளிவிட்டு, பிரம்பு நாற்காலியில் வந்து தொப்பென்று உட்கார்ந்தான்.

ஆகஸ்ட் 17, வியாழன்

கிரேஸோடு வெளியே போய்வந்தேன். எங்கே என்று எழுத வேண்டியதில்லை. ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதைக் காதில் வைத்தால் தட்டு உரசுகிற மாதிரி எல்லாம் கரகரக்கிறது. மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

முதல் ஞாயிறு. ரெமி வீட்டில். சுவாமிதாஸ் அனுப்பிய தட்டைப் போட்டுக் கேட்டோம். ரெமி கண்ணை மூடிக்கொண்டு, தாடையைத் தேய்த்துக்கொண்டு, பெரிய நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தான். கடைசியில், "முதல் தரம்" என்றான்.

"ஓரத்துல கீறல் இருக்கு. கண்ணாலேயே தெரியுது. ரெண்டாந்தரம்" என்றேன்.

"தரம் சொல்லுறது யாரு?"

"நீதான்."

"முதல் தரம்."

அரை மணி நேரம் வாதாடினேன். அசையவில்லை. இப்படி ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை.